பண்டிகைப் பந்தியில் பிள்ளைகள்: பினாங்குக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

பினாங்கில் வீடு பிடித்து ஓராண்டு ஓடுவதற்குள் உங்கள் பிள்ளை பலவகைப் பந்தியில் உட்கார்ந்துவிடும். தீபாவளிக்கு வாழை இலை. சீனப் பெருநாளுக்குச் சுழலும் வட்ட மேசை. நோன்புப் பெருநாளுக்கு மலாய் அண்டை வீட்டுப் பாயோ மேசையோ. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. பெரியவர்கள் நாம் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்வோம். பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வரும் இளம் தம்பதிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அக்கா, விருந்துக்குப் போனா பிள்ளைய எப்படி அடங்கி உக்கார வைக்கிறது?" விருந்துப் பழக்கத்தில் அடங்கி உட்காருவது சின்னப் பங்குதான். பக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். வேண்டாத பண்டத்தை முகம் சுளிக்காமல் மறுக்கத் தெரிய வேண்டும். முதலாவது சில வாரங்களில் வந்துவிடும். இரண்டாவதற்கு நாள் பிடிக்கும், ஏனென்றால் நம் வீடுகளில் மறுப்பவரை யாரும் லேசில் விடுவதில்லை.

மூன்று வாரம் முன்னே தொடங்குங்கள்

பண்டிகை நாளன்று எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். அன்று பிள்ளையை விடியற்காலையிலேயே எழுப்பி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பீர்கள். புதுச் சட்டைக் காலர் கழுத்தில் உறுத்தும். தூக்கம் போதாது, பலகாரத்தால் பசியும் கெட்டிருக்கும். அந்த நேரத்தில் பத்துப் பேர் முன்னால் "நேரா உக்காரு" என்று அதட்டினால் அழுகைதான் மிஞ்சும். கற்றுக்கொடுக்கும் இடம் உங்கள் வீட்டுச் சாதாரண இரவுச் சாப்பாடு. அப்பா ஷிப்ட் வேலை, அக்காவுக்கு டியூஷன் என்று தினமும் சேர்ந்து சாப்பிட முடியாத வீடுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சேர்ந்தாலும் போதும்.

வாரத்துக்கு ஒரு பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காத்திருப்பது. எல்லாருக்கும் பரிமாறி முடிந்ததா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். அது சுற்றிப் பார்த்து, "தாத்தாவுக்கு இன்னும் அப்பளம் வரல" என்று சொல்லும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும்தான். "காத்திரு" என்று கட்டளை போட்டால் கேட்காத பிள்ளை, தன் வார்த்தைக்குப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள் என்றதும் தானாகவே உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் கண்ணால் எண்ணும். கல்யாணப் பந்தியில் இது அப்படியே கைகொடுக்கும்.

இரண்டாம் வாரம் கை. சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் கழுவுவது, வலது கையால் சாப்பிடுவது, சாப்பிடுகிற கையால் பொதுக் கரண்டியைத் தொடாமல் இருப்பது. தண்ணீர்க் குவளைக்கும் கரண்டிக்கும் இடது கை. எச்சில் கை கரண்டியில் பட்டால் அந்தச் சட்டியே எச்சில் என்று எண்ணும் பாட்டிகள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மறக்காது: கறிச்சட்டி எல்லாருக்கும் பொது, உன் தட்டு உனக்கு.

மூன்றாம் வாரம் கேட்பதும் மறுப்பதும். இதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் உட்காரச் சொல்லலாம் என்பது வயதைப் பொறுத்தது. மூன்று வயதுப் பிள்ளை பத்து, பதினைந்து நிமிடம் இருந்தாலே பெரிது. ஆறு, ஏழு வயதில் இருபது நிமிடம் எதிர்பார்க்கலாம். ஒன்பது பத்து வயதில் பெரியவர்களோடு தொடங்கிப் பெரியவர்களோடு எழுந்திருக்கலாம். சின்னதை அதற்கு மேல் கட்டிப்போட்டால் இலையில் சாம்பார்க் குளம் வெட்டத் தொடங்கிவிடும். "அம்மா, நான் எழுந்திருக்கவா?" என்று கேட்டுவிட்டு எழுந்திருக்கப் பழக்குங்கள், அதுவே அந்த வயதுக்குப் போதிய மரியாதை.

கைத்தொலைபேசி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார்தான். மடியில் வைத்துக்கொண்டு வாட்சாப் பார்க்கும் அப்பா, பிள்ளையின் கையிலிருந்து டேப்லட்டைப் பிடுங்குவதில் எந்த நியாயமும் இல்லை.

பள்ளியில் இதையெல்லாம் சொல்லித்தருகிறார்களே என்று நினைப்பீர்கள். தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி ஒரு பாடம். பள்ளிச் சபைகூடலில் ருக்குன் நெகாரா என்ற மலேசிய தேசியக் கோட்பாடுகளை வாசிக்கிறார்கள், அவற்றில் ஐந்தாவது கோட்பாடே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். ஆனால் தேர்வுத்தாளில் பெரியோரை மதித்தல் பற்றி எழுதி முழுப் புள்ளி வாங்கிய பிள்ளை, அன்று மாலையே தாத்தாவைத் தாண்டிக் கையை நீட்டிக் கோழித் தொடையை எடுக்கும். எழுதுவது வேறு, கை பழகுவது வேறு.

வாழை இலைக்கு ஓர் ஒத்திகை

தட்டிலும் கரண்டியிலும் பழகிய பிள்ளைக்கு இலை ஒரு புது உலகம். பண்டிகைக்கு முந்தைய ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இலை போட்டுப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கத்திலும் பெரும்பாலான ஈரச் சந்தைகளிலும் இலை கிடைக்கும். இல்லையென்றால் கூட்டம் குறைந்த ஒரு வேலை நாளில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போங்கள். அங்கே சோறும் காய்கறியும் பெரும்பாலும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், ஆகவே கேட்பதற்கும் மறுப்பதற்கும் நல்ல பயிற்சி.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைக்கும் வேலையைப் பிள்ளையே செய்யட்டும். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் மேல் பாதியில், சோறு கீழ்ப் பாதியில். எது எங்கே விழும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை கையை எடுத்துப் பரிமாறுபவருக்கு இடம் விடும். தெரியாத பிள்ளைதான் ரசம் ஊற்றும் நேரத்தில் கையைக் குறுக்கே நீட்டிச் சுட்டுக்கொள்ளும்.

ரசத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பந்தியில் பிள்ளைகள் மானம் போவது பெரும்பாலும் ரசத்தால்தான். அது இலையிலிருந்து வழிந்து மடிக்கு வரும், புதுப் பாவாடை போச்சு என்று ஓர் அலறல், அப்புறம் ஊரே திரும்பிப் பார்க்கும். சோற்றைக் குவித்து நடுவில் குழி பறிக்கக் கற்றுக்கொடுங்கள். குழிக்குத் தன் பக்கம் உள்ள கரை மட்டும் தடிமனாக இருக்க வேண்டும். "ஒரு கரண்டி போதும்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊற்றிய உடனே வெளியிலிருந்து உள்ளே சோற்றைத் தள்ளிப் பிசைய வேண்டும். விரல் நுனியால் பிசைந்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது இரண்டு மூன்று வேளையில் வந்துவிடும். உள்ளங்கை வரை ஒழுகுகிற பருவத்தில் இருக்கிற சின்னதுக்குப் பிசைந்து உருட்டிக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் இலையின் மேல் பாதியைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று இங்கே பெரியவர்கள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உங்கள் ஊரில் வேறு வழக்கம் இருந்திருக்கலாம். போன இடத்தில் மூத்தவர் எப்படி மடிக்கிறாரோ அப்படி. ஆனால் பக்கத்து ஆள் இன்னும் மோர் சாதத்தில் இருக்கும்போது படபடவென்று மடித்துவிட்டு எழுந்து ஓடக் கூடாது.

இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளையா? அடித்துத் திருத்த முயலாதீர்கள். இலையில் வலது கையால் சாப்பிட முடிந்தால் சாப்பிடட்டும், முடியாவிட்டால் முள்கரண்டியும் கரண்டியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மலேசியாவில் அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பொருளைக் கொடுக்கவும் வாங்கவும் மட்டும் வலது கையைப் பழக்கினால் போதும். அத்தையோ மாமாவோ ஏதாவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், பிள்ளை அல்ல.

படையல் முடியும் வரை

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர்க்குப் படையல் போடும் வீடுகள் இங்கே நிறைய. மறைந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, சூடம் காட்டி, கும்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். வீடு முழுக்க ஆட்டுக்கறி மணக்கும், கை வைக்கக் கூடாது. பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

ஆகவே பசியோடு அந்தச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். மாலை ஐந்து மணி வாக்கில் தனியாக ஏதாவது கொடுத்துவிடுங்கள்: இட்லியோ, ரொட்டியும் மைலோவுமோ. அப்புறம் வேலை கொடுங்கள். இலை துடைப்பது, குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருவது, பூ எடுத்துக் கொடுப்பது. யாருக்காக இந்த இலை என்றும் சொல்லுங்கள். "பூட்டனுக்குக் கருவாடுன்னா உயிர்" என்று ஒரு வரி தெரிந்தால் பிள்ளைக்கு அந்த இலையில் இருப்பது பூட்டனுடையது என்று ஆகிவிடும்.

மறுக்கக் கற்றுக்கொடுப்பது

இனி முக்கியமான இடம். பந்தியில் பிள்ளைகள் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லப்படும் சம்பவங்களை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்திருக்கும்: பிள்ளை போதும் என்கிறது, பெரியம்மா கேட்கவில்லை, இன்னொரு கரண்டி விழுகிறது, பிள்ளை "ஐய்யே" என்கிறது. அம்மாவுக்கு முகம் சிவக்கிறது. திட்டு யாருக்கு? பிள்ளைக்கு.

மறுப்பதற்கு வழி இருக்கிறது. கை, பேச்சு, மாற்று. மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

கரண்டி வரும் முன்பே இலைக்கு மேல் கையை விரித்துக் காட்ட வேண்டும். கரண்டி சாய்ந்த பிறகு காட்டினால் கையில் குழம்பு. அடுத்தது, முறை சொல்லி அழைத்துப் போதும் என்பது. வெறும் "வேணாம்" பெரியவர் காதுக்குச் சுருக்கென்று குத்தும். மூன்றாவது, ஒன்றை மறுக்கும்போதே இன்னொன்றைக் கொஞ்சம் கேட்பது. இதுதான் சூட்சுமம். பரிமாறுபவருக்கு வேண்டியது பிள்ளை வயிறு வெடிக்கச் சாப்பிடுவதல்ல. தன் கையால் ஏதாவது போட்டோம் என்ற நிறைவுதான்.

எங்கள் வீட்டு விருந்தில் ஒரு ஏழு வயதுப் பையன் இதைச் செய்ததைப் பார்த்தேன். பெரியம்மா ஆட்டுப் பிரட்டல் சட்டியோடு வந்தார்.

"இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கடா, வளர்ற பிள்ள."

கை இலைமேல் விரிந்தது. "போதும் பெரியம்மா, வயிறு நெறைஞ்சிருச்சு."

"என்னா நெறைஞ்சிருச்சு? கோழிக்குஞ்சு மாரி கொறிச்சிருக்க."

"அப்பளம் மட்டும் ஒன்னு குடுங்க பெரியம்மா. உங்க வீட்டு அப்பளம் நல்லா மொறுமொறுன்னு இருக்கு."

பெரியம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அப்பளம் எடுத்து வந்தார். அப்பளம் கடையில் வாங்கிப் பொரித்தது, அது வேறு கதை. பையனின் அம்மா அதை வீட்டில் விளையாட்டாகவே பழக்கியிருந்தார்: அப்பா பிடிவாதக்காரப் பெரியம்மாவாக நடிப்பாராம், பிள்ளை தப்பிக்க வேண்டுமாம். நீங்களும் செய்து பாருங்கள். அப்பாக்கள் இந்த வேடத்தை ரசித்துச் செய்வார்கள்.

பிடிக்காத பண்டம் ஏற்கெனவே இலையில் விழுந்துவிட்டால்? பேசாமல் மேல் மூலைக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான். அதைப் பற்றி அறிவிப்பு எதுவும் வேண்டாம். வாயில் போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் தலையைக் குனிந்து, டிஷ்யூவில் எடுத்து, மடித்து வைத்துவிட வேண்டும். இதையும் வீட்டில் ஒருமுறை செய்து காட்டுங்கள். "ச்சீ", "நாத்தம்", மூக்கைப் பொத்துவது, இந்த மூன்றுக்கும் மட்டும் தடை போடுங்கள். பிடிக்கவில்லை என்று நினைப்பதற்குத் தடை போட முடியாது.

இலையில் மிச்சம் வைக்கலாமா? சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அதனால் போட்டதை முடித்தே தீர வேண்டும் என்று பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறோம். வீணாகாமல் பார்க்க வேண்டிய இடம் இலை அல்ல, கரண்டி. ஆறேழு வயது வரை பிள்ளையின் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து, "இவளுக்கு ஒரு கரண்டி போதும், வேணும்னா கேப்பா" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். எதை, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யலாம். எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பிள்ளையின் வயிற்றிடம் விட்டுவிட வேண்டும் என்றுதான் குழந்தை உணவு வல்லுநர்களில் பலரும் சொல்கிறார்கள். ஒரு புதுப் பண்டம் நாக்குக்குப் பழக எட்டுப் பத்து முறைகூட ஆகலாம். அந்த எட்டும் பத்தும் வீட்டில் நடக்கட்டும். பாகற்காயை முதன்முதலாகப் பந்தியில் அறிமுகம் செய்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. "என்ன இவ்ளோ ஒல்லியா இருக்கா, சோறு போடுறதில்லையா?" "இவன் மட்டும் ஏன் இப்படி உருண்டுட்டு வர்றான்?" இந்தக் கேள்வி வராத பந்தி கிடையாது. பிள்ளை அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கான் அத்தை, நீங்க உக்காந்து சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றுங்கள். பிள்ளையின் பக்கம் நிற்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரிந்தால் அடுத்த விருந்துக்குக் கூப்பிட்டதும் கிளம்பும்.

நோன்புப் பெருநாள் வீட்டில்

செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைப்பது, பெரியவர்களுக்குச் சலாம் கொடுப்பது, "செலாமாட் ஹரி ராயா" சொல்வது. பெரியவர் எந்த வயது என்று பார்த்து "பாக்சிக்" (மாமா), "மாக்சிக்" (அத்தை) என்று அழைத்தால் வீடே மகிழும். வாங்குவதும் கொடுப்பதும் இங்கே கண்டிப்பாக வலது கையால்.

சில வீடுகளில் கை கழுவக் கெண்டியும் கீழே ஒரு தட்டமும் வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கல்ல. முன்பே சொல்லிவைக்காவிட்டால் ஏதாவது ஒரு பிள்ளை குவளையில் ஊற்றிக் குடிக்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம் என்றால் ரெண்டாங் என்ற இறைச்சிப் பிரட்டல் விஷயத்தில் பிள்ளைக்கு ஒரு கேள்வி தெரிந்திருக்க வேண்டும்: "இனி ஆயாம் கே, டாகிங்?" கோழியா மாட்டிறைச்சியா என்று கேட்பதில் இந்த ஊரில் யாருக்கும் வருத்தமில்லை. இந்திய விருந்தினர் வருவார்கள் என்று தெரிந்த வீடுகளில் கோழி ரெண்டாங் தனியாகவே இருக்கும். கேட்ட பிறகு முகத்தைச் சுளிக்காமல், கெத்துப்பாட் (ஓலையில் வேகவைத்த சோறு), லெமாங் (மூங்கிலில் வேகவைத்த சோறு) என்று வேறொன்றுக்குப் போய்விட வேண்டும். கெத்துப்பாட்டுக்கு ஊற்றும் குவா காச்சாங் என்பது கச்சான், அதாவது நிலக்கடலைக் குழம்பு. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் அங்கே போய்ச் சொல்லாதீர்கள், முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் முழுக் கச்சான் எந்த வீட்டிலும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மலாய் வீடுகளில் முற்றாக மறுப்பது அவ்வளவு நன்றாக இருக்காது. "ஜாமா சிக்கிட்" என்பார்கள், கொஞ்சமாவது எடுத்து வாயில் வை என்று. ஒரு குவே (மலாய்ப் பலகாரம்) எடுத்துக் கடித்தாலே போதும். அதன்பிறகு "சூடா கெஞ்ஞாங், தெரிமா காசே" (வயிறு நிறைந்துவிட்டது, நன்றி) என்றால் விட்டுவிடுவார்கள். பெரியம்மாவோடு ஒப்பிட்டால் சுலபம்.

சீனப் பெருநாள் மேசையில்

பெருநாளுக்கு முதல் நாள் இரவு விருந்து அவர்கள் குடும்பத்துக்குள் நடப்பது. நம்மை அழைப்பது அதற்கடுத்த நாட்களில். ஆரஞ்சு கொண்டுபோவதானால் ஜோடியாக. பிள்ளை இரண்டு கையாலும் நீட்டிக் கொடுக்கட்டும்.

வட்ட மேசையில் பிள்ளையைக் கெடுப்பது அந்தச் சுழலும் நடுப்பலகை. கண்ட உடனே சுற்ற வேண்டும் என்று கை ஊறும். யாராவது எடுத்துக்கொண்டிருக்கும்போது சுற்றக் கூடாது, தனக்கு நேரே வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும், தாத்தா பாட்டி எடுத்த பிறகுதான் தன் கை போக வேண்டும். சாப்ஸ்டிக்ஸ் பிடிக்கத் தெரியாவிட்டால் கரண்டி கேட்கலாம். பிடிக்கத் தெரிந்தால் அதைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றி வைத்தது போலிருக்கும். முழு மீன் வந்தால் சில வீடுகளில் அதைப் புரட்ட மாட்டார்கள், படகு கவிழ்வதற்கு ஒப்பு என்று. ஒரு பக்கம் தீர்ந்ததும் முள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கம் சாப்பிடுவார்கள். பிள்ளை தானாக மீனைத் தொடாமல் இருந்தாலே போதும்.

இத்தனை "கூடாது"க்கும் நடுவே யீ சாங் என்ற காய்கறிக் கலவை வரும். பெரியவர்கள் எழுந்து நின்று, சாப்ஸ்டிக்ஸால் காய்கறிகளை உயர உயரத் தூக்கிப்போட்டு, கத்தி, மேசையெல்லாம் சிதறடிப்பார்கள். உயரப் போனால் அதிர்ஷ்டம். பிள்ளைகளுக்கு இதுவரை சொன்னதெல்லாம் அந்த ஒரு நிமிடம் ரத்து. சேர்ந்து கத்தட்டும். அதில் பச்சை மீன் துண்டுகள் இருக்கக்கூடும், சின்னப் பிள்ளைக்குக் காய்கறியை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

கிளம்பும்போது ஹொக்கியனில் "கம் சியா" என்று நன்றி சொன்னால் பினாங்குச் சீனப் பாட்டிகள் பிள்ளையை விடமாட்டார்கள். இன்னும் ஒரு பை பிஸ்கட் கைக்கு வரும்.

கொட்டினால், அழுதால்

கொட்டும். எந்த வயதிலும் கொட்டும். பிள்ளை செய்ய வேண்டியது இரண்டே: வீட்டுக்காரரிடம் "மன்னிச்சிருங்க அத்தை, தண்ணி கொட்டிருச்சு" என்று சொல்வது, துணி கேட்டுத் துடைக்க உதவுவது. நீங்கள் செய்ய வேண்டியது கத்தாமல் இருப்பது. பையில் ஒரு மாற்றுச் சட்டை எப்போதும் இருக்கட்டும். அழுது அடம் பிடித்தால் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுங்கள், பந்தி நடுவே விசாரணை வேண்டாம்.

உங்கள் வீட்டுத் திறந்த இல்லத்தில்

பண்டிகைக்கு அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுப்பதுதான் திறந்த இல்லம். விருந்தாளியாகப் போய்க் கற்பதைவிட விருந்து கொடுத்துப் பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள். முதல் தீபாவளியிலேயே பத்துப் பேரையாவது வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஐந்து வயதுக்காரிக்கு முறுக்கு டின்: ஒவ்வொருவர் முன்னும் போய் நீட்டி, எடுத்த பிறகு அடுத்தவரிடம் போக வேண்டும். எட்டு வயதுக்காரனுக்குத் தண்ணீர்: வந்தவர் உட்கார்ந்ததும் என்ன குடிப்பீர்கள் என்று கேட்பது. சைவமா அசைவமா என்று கேட்டு அம்மாவிடம் வந்து சொல்வதும் அவன் வேலை. முஸ்லிம் நண்பர்களைக் கூப்பிட்டிருந்தால் ஹலால் கேட்டரிங், புதுத் தட்டு என்று நீங்கள் ஏற்பாடு செய்திருப்பீர்கள். எந்த மேசை யாருக்கு என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், கரண்டிகள் மாறிவிடக் கூடாது. முறுக்கு வேண்டாம் என்று நாலு பேர் மறுத்தால் எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அதற்குப் புரியும்.

ஆங் பாவ், விடைபெறுதல், டப்பா

ஆங் பாவ் என்பது பிள்ளைகளுக்குப் பணம் வைத்துத் தரும் உறை. சீன வீட்டில் சிவப்பு உறை, மலாய் வீட்டில் பச்சை, நம் வீடுகளில் பெரும்பாலும் ஊதா. நிறம் எதுவானாலும் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பையில் வைத்துவிட வேண்டும். கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. உறை தராத வீட்டில் "எனக்கு ஆங் பாவ் இல்லையா?" என்று கேட்பதைத் தடுக்கக் காரிலேயே பேசி முடித்துவிடுங்கள். எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் வீட்டுக்குப் போன பிறகு.

கிளம்பும்போது பிள்ளை ஒவ்வொரு பெரியவரிடமும் போய் "போயிட்டு வரேன் தாத்தா" என்று சொல்ல வேண்டும், வாசலில் நின்று பொதுவாகக் கையசைப்பது போதாது. சமைத்தவரைத் தேடிப் போய், பிடித்த ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லி, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பார், இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

பிறகு தாப்பாவ், அதாவது வீட்டுக்கு எடுத்துப்போகக் கட்டித் தரும் சாப்பாடு. எந்த வீட்டிலும் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். பிரியாணியும் பலகாரமும் வந்த டப்பாவைக் கழுவி ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுவும் வெறும் டப்பாவாக வேண்டாம். நம் வீடென்றால் வீட்டில் செய்தது எதுவும் சரி. மலாய் வீட்டு டப்பாவில் பழமோ, ஹலால் முத்திரை உள்ள பிரிக்காத பிஸ்கட்டோ வையுங்கள். சீன வீட்டுக்கு முறுக்கு, அவர்களுக்கு நம் முறுக்கென்றால் உயிர். பிள்ளையே எடுத்துப்போய் மணி அடித்துக் கொடுக்கட்டும். நீங்கள் லிஃப்ட் பக்கம் நில்லுங்கள்.